பிள்ளைக்கு வைத்த பட்டப்பெயரைக் கழற்றுவது எப்படி

பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது எங்கள் தையல் கடையில் நிற்க இடமிருக்காது. அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணியை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, தாய்மார் பிள்ளைகளை முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். “தங்கச்சி, இந்தத் துணி இவளுக்குக் காணாது. உடம்பைப் பாருங்கள்” என்பார் ஒரு தாய். வாங்கில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். சொன்னவரும் சிரிப்பார். அந்தப் பிள்ளை மட்டும் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் இடுப்பில் நாடாவைச் சுற்றும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மூச்சைப் பிடித்தால் 25 அங்குலம். விட்டால் 27. 25க்குத் தைத்த சட்டை இரண்டாம் தவணை முடிவதற்குள் பக்கத் தையல் பிரிந்து திரும்பி வரும். கடை தொடங்கிய காலத்தில், பிள்ளை கொழுத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அளவெடுக்கும்போது ஒரு பிள்ளையிடம் சும்மா பெயரைக் கேட்டேன். பதில் சொல்ல வாய் திறந்தாள்; மூச்சு வெளியே வர, நாடா என் விரலிலிருந்து இரண்டு அங்குலம் வழுகியது. அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளிடமும் ஏதாவது கேட்பேன். இன்றைக்கு வீட்டில் என்ன கறி, பூனை வளர்க்கிறீர்களா, இப்படி.

மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் கடை வைத்து 24 வருடமாகிறது. காத்தான்குடிப் பக்கமிருந்தும் கல்லடிப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நான் வைத்தியமோ உளவியலோ படித்தவள் அல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்கு வீட்டில் என்ன பட்டம் என்பதை நாடா சொல்லிவிடும். ‘மொத்தம்’ என்று கூப்பிடப்படும் பிள்ளை மூச்சைப் பிடிக்கும். ‘நெட்டை’ என்று கூப்பிடப்படும் பிள்ளை முழங்காலை மெல்ல மடித்து நிற்கும். கவனிக்காவிட்டால் சட்டையின் நீளம் கட்டையாகிப் போகும். மார்பு தடித்த பையன் தோளை முன்னுக்கு வளைத்து நிற்பான். இவர்களை நிமிர்ந்து நிற்க வைப்பதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். எல்லாம் என் வீட்டில் செய்து பார்த்தவை. பிழையாகிப்போனதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பரல்

எனக்கு வைத்த பட்டம் பரல், அதாவது பீப்பாய். அப்போது எனக்கு ஏழு வயது, வைத்தவர் பெரியம்மா. நாவலடியில் எங்கள் வளவுக்குள் அம்மம்மா, அம்மா, பெரியம்மா, இரண்டு சின்னம்மாமார் எல்லாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். மட்டக்களப்பில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்கு வருவதுதானே வழமை. வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால், பெண்களுக்கு எவ்வளவு பலம் என்பார்கள். பலம்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை, தாயோடு பிறந்தவர்கள் அத்தனை பேரின் கண்ணுக்கு முன்னாலும் வளர்கிறாள் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. கிணற்றடியில் குளித்தால் ஒருவர் ஏதாவது சொல்வார். சட்டை மாற்றினால் இன்னொருவர் சொல்வார். இதோடு சீதனக் கணக்கு வேறு. கறுப்பு, கட்டை, பருமன் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறிவிடும். “இவளுக்கு இன்னும் ஒரு துண்டு வயல் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்” என்பதைப் பகிடி போலத்தான் சொல்வார்கள். பகிடி அல்ல என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

தம்பிக்கு வைத்த பட்டம் நெத்தலி. இப்போது அவன் கத்தாரில் வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்த நாட்டு வெயிலிலும் சேர்ட்டுக்குள் இரண்டு பெனியன் போடுகிறான்.

2004 டிசம்பர் 26 அன்று அந்த வளவைக் கடல் கொண்டுபோனது. மனிதர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். படங்களும் ஒன்று மிச்சமில்லாமல் போயின. ஐந்து வருடம் கழித்து, மண்டூரில் இருக்கும் சின்னம்மாவின் பெட்டகத்திலிருந்து ஒரு படம் கிடைத்தது. கோயில் சடங்குக்கு உடுத்திக்கொண்டு வரிசையாக நிற்கும் பதினொரு பிள்ளைகள். நான் யோசிக்காமல் ஒரு பிள்ளையில் விரலை வைத்து, “இதுதான் நான்” என்றேன். வட்ட முகம், பொத்தான் இழுபட்ட சட்டை. சின்னம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அது உன் மச்சாள். நீ அங்கே, ஓரத்தில்.” ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, முழங்கால் எலும்பு தெரியும் ஒரு சாதாரணப் பிள்ளை. நான் நம்பவில்லை. தோட்டைப் பார்த்துத்தான் நம்பினேன். படமெடுக்க மறுத்ததும், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் காய்ச்சல் என்று படுத்ததும், பதினாறு வயதிலிருந்து தொளதொளத்த சட்டையே போட்டதும் எல்லாம் இல்லாத ஒரு பிள்ளைக்காக.

மச்சாளுக்குப் பட்டமே இல்லை. அவளுடைய அப்பா நகை அடகுக் கடை வைத்திருந்தார்.

ஒருநாள் முழுவதும் எழுதிப் பாருங்கள்

2016இல் என் மகளுக்குப் பத்து வயது. ஒருநாள் இரவு பிட்டை அளைந்துகொண்டிருந்தவள், “அம்மா, நான் பாதி சாப்பிட்டால் போதும்” என்றாள். யார் என்ன சொன்னது என்று கேட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அடுத்த நாள் கடையின் அளவுக் கொப்பியில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, காலையிலிருந்து படுக்கும் வரை எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றி வந்த பேச்சையெல்லாம் எழுதினேன். சொன்னவர், சொன்ன சொல், மகள் பக்கத்தில் நின்றாளா என்பது. வேறொருவருக்கும் சொல்லவில்லை.

பதினொன்று வந்தது. அதில் ஆறு என்னுடையது.

“போதும், இனி வேண்டாம்” என்று சோற்றுச் சட்டியை மூடியது ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையை “அவள் நல்லாக மெலிந்துவிட்டாள், வடிவாக இருக்கிறாள்” என்று மெச்சியது ஒன்று. தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண்ணின் கன்னத்தைப் பற்றி ஒன்று. மிச்சம் மூன்றும் என்னைப் பற்றி நானே சொன்னவை. கண்ணாடிக்கு முன்னால் நின்று “பரல் மாதிரி இருக்கிறேன்” என்றதும் அதற்குள் அடக்கம். பெரியம்மா ஏற்கெனவே மகளைக் குட்டிப் பரல் என்றுதான் கூப்பிட்டுவந்தார். பரல் என்றால் கேவலமான பொருள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஆகவே முதல் வேலை இந்தக் கொப்பி. ஒரே ஒருநாள் போதும். எழுதும் நாளில் ஒருவரையும் திருத்தப் போகாதீர்கள். திருத்தப் போனால் எல்லாரும் வாயைக் கட்டிக்கொள்வார்கள், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. இரவில் உங்கள் பெயருக்கு நேரே இருப்பதை மட்டும் பாருங்கள். குறைக்கத் தொடங்குவது அங்கிருந்துதான். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, கண்ணாடிப் பேச்சை விடுவதற்கு.

அதற்குப் பதிலாக நாள் முழுக்க “என் மகள் வடிவு” என்று பாடத் தேவையில்லை. அதுவும் உடம்புப் பேச்சுத்தான். முடியைப் பின்னும்போது முடியைப் பற்றிக் கதையுங்கள், சிக்கெடுக்கும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள். காணும்.

பெரியவர்களிடம் சொல்வது

இதில்தான் நான் பிழைவிட்டேன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்குக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, “குட்டிப் பரல், இங்கே வா” என்று பெரியம்மா கூப்பிட்டார். நான் எல்லாருக்கும் முன்னால், “அவளுக்குப் பெயர் இருக்கிறது பெரியம்மா” என்றேன். சபையில் முகம் வாடிப்போனார். அன்று மாலை முழுவதும் வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மகளுக்கு என்னால் வந்த வினை.

எங்கள் ஊரில் மூத்தவரைச் சபையில் திருத்த முடியாது. தனியாகப் பிடிக்க வேண்டும், அவருடைய கைக்கு ஒரு வேலை இருக்கும்போது. இரண்டாம் தடவை, குசினியில் அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்தபடி, “பெரியம்மா, மகள் இரவில் சாப்பிடுகிறாள் இல்லை” என்று தொடங்கினேன். குற்றச்சாட்டு இல்லாமல் பிள்ளையின் கஷ்டத்திலிருந்து தொடங்கினால் காது கொடுப்பார்கள். “அன்பில்தானே கூப்பிடுகிறேன்” என்றார். இது கட்டாயம் வரும், பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள். என்னுடைய பதில்: “அன்பு எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்தான் கேட்கிறது.” பிறகு கேட்டுக்கொள்வதை ஒரே வரியில் கேளுங்கள். “இனிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.” அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம்.

பெரியம்மா துருவலை நிறுத்தவில்லை. “என்னுடைய பெயர் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊரில் அவர் கறுப்பி, பிறகு கறுப்பி அக்கா, இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கறுப்பம்மம்மா. அவருடைய உண்மையான பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. கலியாணப் பேச்சுக்கால் நடந்தபோது, நிறத்துக்காக இரண்டு ஏக்கர் வயல் கூடக் கேட்டார்கள் என்றும், அதைக் கொடுக்க அம்மம்மா தன்னுடைய காணியை எழுதினார் என்றும் அன்றுதான் சொன்னார். பிள்ளைக்குப் பட்டம் வைப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு பட்டம் இருக்கும். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரும் மாமிமார் வேறு வகை. விமானத்தால் இறங்கி வாசலில் கால் வைக்க முன்னமே “என்ன, நல்லாகக் கொழுத்துவிட்டாய்” என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருபவரைத் திருத்த முடியாது. பிள்ளைக்குத்தான் ஒரு வசனம் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் மகளுடையது: “சுகமாக இருக்கிறேன் மாமி, பிரயாணம் எப்படி?” மரியாதையும் கெடாது, பேச்சும் திரும்பிவிடும். அவர்கள் போனபின் பிள்ளையிடம், “மாமி சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை” என்று ஒரு சொல் சொல்லுங்கள். தாய் பேசாமல் இருந்தால், தாயும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

“ரோசம் வந்தால் மெலிவாள்”

கடையில் அடிக்கடி கேட்பது இது. நாலு பேர் முன்னால் சொன்னால் ரோசம் வந்து சாப்பாட்டைக் குறைப்பாள் என்பார்கள். தாய் சேய் நலத்தைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் தைக்க வருவார், அவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னது: அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்ம வயதுப் பிள்ளைகளை 15 வருடம் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அந்த வயதில் உடல் நிறைக்காகக் கேலி செய்யப்பட்டவர்கள் முப்பது வயதுப் பக்கம் வந்தபோது, மற்றவர்களைவிடப் பருமன் கூடியவர்களாகத்தான் இருந்தார்கள். பெண்களில், வீட்டாரின் கேலிக்கு உள்ளானவர்களிடம் உடம்பில் வெறுப்பும், மனம் நொந்தால் சாப்பிடும் பழக்கமும் தங்கியிருந்தன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கமும் 2016இல், பிள்ளையோடு நிறையைப் பற்றிக் கதைப்பதை விடுங்கள், கேலியை நிறுத்துங்கள், ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள் என்றுதான் பெற்றோருக்கு அறிவுரை கூறியது.

எனக்கு ஆய்வே தேவையில்லை. பரல் என்று கேட்ட நாட்களில் எல்லாம், அம்மம்மா ஒளித்துவைத்த சீனியைக் களவாகத் தின்றிருக்கிறேன்.

பிள்ளையின் நிறை உண்மையிலேயே கவலையாக இருந்தால், கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஒரு நாளைய நிறையைவிட, அதிலுள்ள வளர்ச்சிக் கோடு எப்படி ஏறி வருகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அந்தக் கதையைப் பிள்ளை இல்லாத நேரத்தில் கேளுங்கள். சாப்பாட்டில் மாற்றம் வேண்டுமென்றால் வீடு முழுவதற்கும் மாற்றுங்கள்: சோடாப் போத்தல் வேண்டாமென்றால் அப்பாவுக்கும் வேண்டாம், கீரையும் மீனும் கூட்டுவதென்றால் எல்லாத் தட்டிலும் கூட்டுங்கள். ஒரு பிள்ளையின் தட்டில் மட்டும் பிட்டைக் குறைத்து மற்றப் பிள்ளைக்குத் தயிரும் சீனியும் போடுவது கண்ணுக்குத் தெரியும் தண்டனை.

பெரியபிள்ளையாகும் வயது

பத்து முதல் பதினாலு வயது வரை பெண்பிள்ளையின் உடம்பு கொழுப்பைச் சேர்க்கும், இடுப்பு அகலும். அது வளர்ச்சி. வேகமாக உயரம் கூடுவது பெரும்பாலும் பெரியபிள்ளையாவதற்கு, அதாவது முதல் மாதவிடாய்க்கு, முன்புதான். பிறகு அந்த வேகம் குறைந்துவிடும். நாங்கள் செய்வதைப் பாருங்கள். பெரியபிள்ளையானதும் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி என்று கிழமைக்கணக்கில் ஊட்டுவோம். குடிக்க மாட்டேன் என்று பிள்ளை மூக்கைப் பொத்தினால் அதட்டுவோம். பிறகு சாமத்தியவீட்டுக்கு பிளவுஸ் தைக்கக் கொண்டுவந்து, “கையைப் பாருங்கள் தங்கச்சி, உலக்கை மாதிரி” என்போம். ஊட்டியவரும் அதே தாய்தான்.

சாமத்தியவீட்டு பிளவுஸுக்கு என் யோசனை: அளவெடுக்கத் தாயும் பிள்ளையும் மட்டும் வாருங்கள். மாமிமாரைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அளவை ஒரு கிழமைக்கு முன்னர் எடுங்கள், மாதத்துக்கு முன்னர் அல்ல. அந்த வயதில் உடம்பு ஒரு மாதம் காத்திருக்காது. தைப்பவரிடம் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். கை நீளத்தைப் பிள்ளையிடம் கேளுங்கள். முன்பு நான் அளவைச் சத்தமாகச் சொல்ல, உதவிக்கு நிற்கும் பிள்ளை எழுதுவாள். இப்போது நானே எழுதுகிறேன், வாயால் சொல்வதில்லை. பிளவுஸ் பிடிக்காமல் போனால், “நான் வெட்டியது பிழை, பிரித்துத் தருகிறேன்” என்பேன். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

பையன்களை மறந்துவிடுகிறோம். குரல் உடையும் வயதில் பல பையன்களுக்கு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ மார்பு சற்றுத் தடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வற்றிவிடும். இதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை. அண்ணன்மார் கிள்ளிச் சிரிப்பதோடு சரி. அப்பாவோ மாமாவோ தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. வலி கூடினால், அல்லது நீண்டகாலம் அப்படியே இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கழுத்துக் கறுப்பு

கொலர் அளவெடுக்கும்போது ஒரு பிள்ளையின் பிடரியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அழுக்கு என்று தாய் தேசிக்காயும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தினமும் தேய்த்திருக்கிறார். பிடரியிலும் கமக்கட்டிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுப்பது அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. சிலருக்கு அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். வைத்தியரிடம் காட்ட வேண்டிய விடயம் அது.

வெள்ளையாக்கும் கிரீம்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: என்ன போட்டிருக்கிறது என்று எழுதாத டப்பாவைப் பிள்ளையின் முகத்தில் பூசாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் நாடுகள் கூடிச் செய்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களை நிறுத்த வேண்டும் என்றது. வேறு சிலவற்றில் ஸ்டீரொய்ட் மருந்து கலந்திருக்கும். முதலில் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலிந்துபோகும்.

எப்போது உதவி கேட்பது

ஆரையம்பதி வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டுவது, நிறை சடாரென்று இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது, பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வயிற்றுவலி என்பது. இவற்றில் இரண்டைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926. பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1929. மனநலப் பிரிவுக்குப் போவதை ஊர் பார்க்கும் என்று பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் சட்டையை அந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை சிறுப்பித்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவைதான் தாயிடம் வாய் திறந்தேன். அது என் பிழை.

வளர்ந்தவர்களுக்கு

பட்டம் வைக்கப்பட்டது உங்களுக்கென்றால், அலுமாரியிலிருந்து தொடங்குங்கள். மெலிந்த பிறகு போடலாம் என்று மடித்துவைத்த சட்டைகளை வெளியே எடுங்கள். தங்கச்சிக்குக் கொடுங்கள், அல்லது என்னிடம் கொண்டுவாருங்கள், தலையணை உறை தைத்துத் தருகிறேன். இப்போதைய உடம்புக்கு அளவெடுத்து ஒன்று தையுங்கள், ஒன்றே ஒன்று. பழைய படம் இருந்தால் தேடிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு.

இருபது வருடத்துக்கு மேலாக ஊரெல்லாம் அளவெடுத்த நான் என்னை அளந்ததில்லை. ஒரு பழைய கவுனை வைத்து வெட்டித்தான் எனக்குத் தைப்பேன். போன சித்திரைக்கு மகள் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, நில்லுங்கள் என்றாள். இடுப்பு 38 என்று கொப்பியில் அவளுடைய எழுத்தில் இருக்கிறது. மயில் நீலத்தில் ஒரு பிளவுஸ் வெட்டினோம். கைக்குழி அளவைப் பிழையாக எடுத்துவிட்டாள். கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது. சனிக்கிழமை பிரித்துத் தைக்க வேண்டும்.